நேர்முகத் தேர்வுக்குப் போகும் கடைப் பிள்ளைகள்

நம் சங்க உறுப்பினர்களின் வீடுகளில் இன்று பட்டதாரி இல்லாத வீடு அபூர்வம். மளிகைக் கடையானாலும், அரிசி மண்டியானாலும், பட்டு ஜவுளியானாலும் ஒரு பிள்ளையாவது வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. தறி வைத்திருக்கும் வீடுகளிலும் இதே கதை. இவர்களில் சிலர் எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு, நேர்முகத் தேர்வில் தோற்றுத் திரும்புகிறார்கள். காரணம் கேட்டால், “இங்கிலீஷ் சரளமாக வரவில்லை” என்கிறார்கள். அது பாதிக் காரணம்தான். கடையில் கற்றதை எல்லாம் கடையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதே மீதிக் காரணம் என்று நமக்குப் படுகிறது.

முதலில் எந்த வேலைக்கு நேர்முகம் உண்டு, எதற்கு இல்லை என்று தெரிந்துகொள்வது நல்லது. மத்திய அரசின் ‘சி’ பிரிவுப் பணிகளுக்கும், அரசிதழ் பதிவு பெறாத ‘பி’ பிரிவுப் பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வை நீக்கிவிட்டார்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்விலும் நேர்முகம் கிடையாது. பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் வேலைக்கும் இல்லை. ஆகவே இந்த வேலைகளுக்கு “இன்டர்வியூவில் ஆள் இருக்கிறார், பார்த்துக்கொள்ளலாம்” என்று யாராவது பணம் கேட்டு வந்தால், இல்லாத கடைக்கு அட்வான்ஸ் கேட்கிறார் என்று புரிந்துகொண்டு அனுப்பிவிடுங்கள்.

நேர்முகம் இருக்கும் இடங்களில் அதன் கனம் வெவ்வேறு. ஐ.ஏ.எஸ். முதலான குடிமைப் பணித் தேர்வில் முதன்மைத் தேர்வுக்கு 1750, நேர்முகத்துக்கு 275, ஆக மொத்தம் 2025 மதிப்பெண். நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகமாக எழுதுவது வங்கி அதிகாரித் தேர்வு. ஐ.பி.பி.எஸ். நடத்தும் அந்தத் தேர்வில் இறுதிப் பட்டியலுக்கு எழுத்துத் தேர்வுக்கு 80 பங்கு, நேர்முகத்துக்கு 20 பங்கு. இருபதுதானே என்று அலட்சியம் செய்ய முடியாது. நேர்முகத்தின் 100 மதிப்பெண்ணில் பொதுப் பிரிவினர் 40-உம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினர் 35-உம் எடுத்தே ஆக வேண்டும். அதற்குக் கீழே போனால் எழுத்துத் தேர்வில் எவ்வளவு எடுத்திருந்தாலும் பயனில்லை.

இந்த வங்கி நேர்முகத்தையே எடுத்துக்கொள்வோம். விண்ணப்பத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் நம் பிள்ளைகள் ‘பிசினஸ்’ என்று எழுதிவிட்டு, அதைப் பற்றிக் கேட்கக் கூடாதே என்று பயந்துகொண்டு உட்காருகிறார்கள். நெசவாளர் வீட்டுப் பிள்ளை ‘கூலி’ என்று எழுதுகிறது. எதிரே இருப்பவர்களோ வங்கிக்காரர்கள். அவர்களுக்கு அன்றாடம் பழக்கம் கடைக்காரரும் சிறு தொழில்காரரும்தான். “அப்பா என்ன வியாபாரம்?” என்பது அவமானப்படுத்தும் கேள்வி அல்ல. அது கதவைத் திறந்துவிடும் கேள்வி. அதற்கு “சும்மா சின்ன மளிகைக் கடை சார்” என்று பதில் சொல்லித் தலையைக் குனிந்தால், திறந்த கதவை நாமே சாத்திக்கொள்கிறோம்.

சொல்ல எவ்வளவோ இருக்கிறது. வாராக் கடன் என்றால் என்ன என்று கேட்டால், வட்டியோ தவணையோ 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக் கடன் என்று புத்தகத்தில் படித்ததைச் சொல்லலாம். அதோடு, “எங்கள் கடையில் மாதக் கணக்குக்காரர் ஒருவர் இரண்டு மாதம் பாக்கி வைத்தால், மூன்றாவது மாதம் சரக்கை நிறுத்தாமல், அளவைக் குறைத்து, பழைய பாக்கியில் கொஞ்சம் கொஞ்சமாக வரவு வைப்போம்” என்று ஒரு வாக்கியம் சேர்த்துப் பாருங்கள். கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். கடனைத் திருப்பி வாங்கும் கலை தெரிந்த பிள்ளை வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

முத்ரா கடன் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. 2015 ஏப்ரல் 8-இல் தொடங்கிய திட்டம். சிசு என்றால் 50 ஆயிரம் வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. தருண் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 20 லட்சம் வரை கொடுக்கும் தருண் பிளஸ் 2024-இல் வந்தது. உத்யம் பதிவு 2020 ஜூலையில் வந்தது. நம்மைப் போன்ற சில்லறை, மொத்த வியாபாரிகளை அதில் சேர்த்தது 2021 ஜூலையில்தான், அதுவும் முன்னுரிமைக் கடன் பெறுவதற்கு மட்டும். நம் கடைப் பிள்ளைக்கு இது தெரியாமல் இருந்தால், தவறு பிள்ளையுடையது மட்டும் அல்ல. அப்பாவும் பிள்ளையும் ஒரு நாள் இரவு கடை கட்டிய பிறகு உட்கார்ந்து பேசினால் வந்துவிடும் விஷயம் இது.

ஜி.எஸ்.டி. பற்றிக் கேட்டால், 2017 ஜூலை 1 என்று தேதி சொல்ல எல்லாருக்கும் தெரியும். அரிசி வியாபாரி வீட்டுப் பிள்ளை இன்னும் ஒரு படி மேலே போகலாம். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத வரி வந்தது. உடனே ஆலைக்காரர்கள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தார்கள். ஆரணி அரிசிக்கும் களம்பூர் அரிசிக்கும் பேர் பெற்ற இந்த வட்டாரத்தில் அந்த மூட்டையைப் பார்க்காத பிள்ளை உண்டா? ஒரு கிலோ கூட்டியது ஏன் என்று சொல்லத் தெரிந்தால், வரிச் சட்டமும் தெரியும், சந்தையும் தெரியும் என்று ஒரே பதிலில் காட்டிவிடலாம்.

அடுத்து ஊர். “உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று அநேகமாகக் கேட்பார்கள். ‘பட்டுக்குப் பேர் போன ஊர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு விழிக்கக் கூடாது. கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஊர், மராட்டியர் காலத்து ஜாகீர், 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் இங்கே சண்டை போட்டு ஜெயித்தது, 1989-இல் பழைய வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்தபோது திருவண்ணாமலை மாவட்டத்தில் சேர்ந்தது, ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது, இவ்வளவும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். நெசவு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் பாவு, ஊடை, ஜக்கார்டு அட்டை என்று தறியையே கண்ணுக்கு முன் நிறுத்தலாம். நிஜப் பட்டு நூலைக் கொளுத்தினால் தலைமுடி கருகும் வாடை வரும் என்பது நமக்குச் சாதாரணம். அந்த அறையில் அது புதுச் செய்தி. நிச்சயமாக ‘கூலி’ என்ற ஒரு சொல்லில் அடங்குகிற விஷயம் அல்ல.

இங்கிலீஷ் விஷயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. வங்கி நேர்முகத்தில் அது தேவை. ஆனால் பெரிய வார்த்தைகள் தேவையில்லை. அன்றைய வியாபாரத்தை, எத்தனை மூட்டை வந்தது, எவ்வளவு விற்றது, யார் பாக்கி என்று, தினமும் பத்து நிமிடம் இங்கிலீஷில் சொல்லிப் பழகினால் போதும். சிறிய வாக்கியம், சரியான கணக்கு. மனப்பாடம் செய்த பதில் அந்த அறையில் எடுபடாது. நாம் கடைக்கு ஆள் எடுக்கும்போது என்ன பார்க்கிறோம்? கால் கிலோ துவரம்பருப்பைக் கட்டச் சொல்கிறோம். தராசைப் பார்க்கிறானா, நம் முகத்தைப் பார்க்கிறானா என்று கவனிக்கிறோம். அவர்கள் பார்ப்பதும் ஏறக்குறைய அதுதான்.

கல்லாவில் உட்காரும் பிள்ளைக்கு இந்தப் பயிற்சி தினமும் கிடைக்கிறது. “ஏம்பா, போன வாரம் பத்து ரூபா கம்மியா இருந்துதே?” என்று ஒரு அம்மா கேட்டால், “ஆமாம்மா, மண்டியிலேயே ஏறிடுச்சு. பழைய சரக்கு ரெண்டு கிலோ இருக்கு, அதைப் பழைய விலைக்கே தரேன்” என்று கோபப்படாமல் சொல்கிறதே, அந்த நிதானம்தான் வேண்டும். தெரியாத கேள்விக்கு “தெரியவில்லை சார்” என்று சொல்லிவிட வேண்டும். இல்லாத சரக்கை இருக்கிறது என்று சொல்லி வாடிக்கையாளரை நிறுத்திவைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

இனி காகித விஷயம். பிள்ளைகளின் உழைப்பு அநியாயமாகக் கவிழ்வது இங்கேதான். பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் அப்பா பெயரோடு வேறு மாதிரி, பட்டச் சான்றிதழில் ஓர் எழுத்து குறைவு. இதை அழைப்பு வந்த பிறகு பார்த்தால் நேரம் போதாது. விண்ணப்பம் போடும் முன்பே எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று ஓ.பி.சி. சான்றிதழ். நாம் பள்ளிக்கு வாங்கிய பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய அரசு, வங்கி வேலைகளுக்குச் செல்லாது. மத்திய அரசு படிவத்தில், கிரீமிலேயர் அல்ல என்ற வாசகத்தோடு தனியாக வாங்க வேண்டும். அறிவிப்பில் கேட்டுள்ள தேதிக்குள் எடுத்ததாகவும் இருக்க வேண்டும். வருமான வரம்பு 2017-இல் ஆண்டுக்கு 8 லட்சம் என்று உயர்த்தப்பட்டது. இதில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது, வியாபார வருமானம் சேரும். விற்றுமுதல் வேறு, வருமானம் வேறு என்பதை மறந்து, ஜி.எஸ்.டி. கணக்கில் பெரிய தொகை இருக்கிறதே என்று பயந்து மனுப் போடாமல் இருப்பவர்கள் நம்மிலேயே உண்டு. வருமான வரிக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, இ-சேவை மையம் வழியாக மனுக் கொடுத்து, தாலுகா அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

செய்யாறு, ராணிப்பேட்டை சிப்காட் கம்பெனிகளுக்கும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமும் போகும் பிள்ளைகளுக்குக் காகிதத் தொல்லை குறைவு. அங்கே ஷிப்ட், தங்கும் இடம், கையில் வரும் சம்பளம் ஆகியவற்றைக் கடைசியில் மரியாதையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சில கம்பெனிகள் செல்போனிலேயே முகம் பார்த்துப் பேசுகின்றன. அந்த நேரத்தில் பிள்ளையைக் கடையில் உட்காரவைக்காதீர்கள். மூட்டை இறக்கும் சத்தமும், “அரைக் கிலோ சர்க்கரை!” என்ற குரலும் அங்கே கேட்கும்.

சென்னையில் நேர்முகம் என்றால் முதல் நாளே போய்ச் சேர்ந்துவிடுவது உத்தமம். ஆரணியிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து, பூந்தமல்லி நெரிசலில் மாட்டி, வியர்க்க விறுவிறுக்கப் போய் நிற்க வேண்டாம். கூடப் போகும் அப்பாமார்கள் வாசலோடு நின்றுகொள்ளலாம். அன்றைக்குக் கடையை யார் பார்த்துக்கொள்வது என்பதை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுங்கள். பிள்ளை உள்ளே இருக்கும்போது நம் செல்போனுக்கு மண்டிக்காரர் வசூல் கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.