கம்ப்யூட்டர் கிழமாகிவிட்டதா? கொஞ்சம் பொறுங்க சார்!

வீட்டுக் கம்ப்யூட்டர் ஸ்லோ என்றால் நாம் செய்யும் முதல் காரியம், அதைத் திட்டுவது. இரண்டாவது, மௌஸை மேஜையில் தட்டுவது. மூன்றாவது, கடைக்குப் போவது. இந்த மூன்றாவதுதான் பர்ஸுக்கு ஆபத்து. 'மாடல் பழசு சார், புதுசு போட்டுடுங்க' என்பார்கள். மிக்ஸி கடையில் போய் அம்மிக்கு யோசனை கேட்டால் வேறென்ன பதில் வரும்?

அம்பத்தூரில் அக்கவுண்ட்ஸ் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இப்படித்தான் மாட்ட இருந்தார். 2019-ல் வாங்கிய கம்ப்யூட்டர். ஆன் செய்துவிட்டுக் குளித்து, விபூதி பூசிக்கொண்டு வந்தால்தான் திரையில் ஏதாவது தெரியும்.

'பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிருக்கா. காலேஜ் விண்ணப்பமெல்லாம் இதுலதான் போடணும். சம்சாரத்தோட வளையலை அடகு வச்சுப் புதுசு வாங்கிடறேன்' என்றார்.

'வளையல் அவங்க கையிலேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வர்றேன்' என்றேன்.

நான் படித்தது பி.காம். செலவு எழுதுவதற்கு முன் கணக்கைப் பார் என்பது எங்களுக்குப் பாலபாடம். விண்டோஸிலும் ஒரு பேரேடு இருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சிபியு, மெமரி, டிஸ்க் என்று மூன்று தலைப்புகள். சும்மா இருக்கும்போதே எது 90, 100 சதவிகிதம் என்று மூச்சு வாங்குகிறதோ, அதுதான் குற்றவாளி. அவர் வீட்டில் டிஸ்க் 100.

காரணம் எளிது. பழைய ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றினாலும், கேட்ட இடம் முள்ளுக்கு அடியில் வர வேண்டும், முள்ளும் நகர வேண்டும். ஒவ்வொரு தேடலுக்கும் ஏறக்குறைய 10 மில்லி செகண்ட். கம்ப்யூட்டர் கண்விழிக்க ஆயிரக்கணக்கான தேடல்கள். எஸ்எஸ்டி-யில் சுழல்வதற்கு ஒன்றுமே கிடையாது. அதே வேலைக்கு சுமார் 0.1 மில்லி செகண்ட் போதும்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. மெமரி நிரம்பிவிட்டால் விண்டோஸ் டிஸ்க்கிலிருந்து கடன் வாங்கும். அங்கேயும் டிஸ்க் 100 காட்டும். ஆகவே இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நண்பரிடம் இருந்தது 4 ஜி.பி. மெமரி. பிரௌசரில் பத்துப் பதினைந்து டேப் திறந்தாலே அது காலி.

முதலில் காசில்லாத வைத்தியம். டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்அப் என்ற பகுதி இருக்கிறது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் அழையாத விருந்தாளிகளாக வந்து உட்காரும் புரோகிராம்களின் பட்டியல் அது. உங்களுக்கே தெரிந்த, தினமும் தேவைப்படாதவற்றை டிஸேபிள் செய்யுங்கள். ஆன்டிவைரஸைத் தொடாதீர்கள். என்னவென்று தெரியாததையும் தொடாதீர்கள்.

அடுத்தது காசுள்ள வைத்தியம். முக்கியமான போட்டோ, சர்டிஃபிகேட் எல்லாவற்றையும் தனியாகக் காப்பி எடுத்த பிறகு, ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு எஸ்எஸ்டி-யும் 8 ஜி.பி. மெமரியும் வாங்கிப் போட்டோம். புதுக் கம்ப்யூட்டர் விலையில் ஒரு சின்னப் பங்குதான் செலவு. இப்போது அரை நிமிடத்துக்குள் திரை வந்துவிடுகிறது. பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடவில்லை. போட்டோ வைக்கும் பரணாக உள்ளேயே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. 'ஒரே க்ளிக்கில் பத்து மடங்கு வேகம்' என்று வரும் சாஃப்ட்வேர்களை நம்பாதீர்கள். அவற்றில் பல, இருக்கிற பாரத்தோடு தன் பாரத்தையும் ஏற்றும். சில வைரஸையே கூட்டி வரும். 'உங்க கம்ப்யூட்டரில் கோளாறு, நாங்க சரி செய்யறோம்' என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். அவர்கள் வேகப்படுத்துவது உங்கள் பாங்க் பாலன்ஸை. வெளியே போகிற வேகத்தை!

எஸ்எஸ்டி போட்ட பிறகு அதை ஹார்ட் டிஸ்க் மாதிரி டீஃப்ராக் செய்யவும் வேண்டாம். பயனில்லை, தேய்மானம்தான் மிச்சம்.

சரி, நம் மெஷின் ஏன் இப்படித் திணறுகிறது? விண்டோஸ் 95 கேட்ட குறைந்தபட்ச மெமரி 4 எம்.பி. விண்டோஸ் 11 கேட்பது 4 ஜி.பி. ஆயிரம் மடங்கு! நம் மெஷின் கிழமாகவில்லை, மருமகளின் சீர்வரிசைப் பட்டியல்தான் நீண்டுவிட்டது.

புதுசு வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. ஏறக்குறைய 2018-க்கு முந்தைய பிராசஸர்கள் பலவற்றை விண்டோஸ் 11 வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. அந்த மாதிரிப் பழசுகளுக்கு லினக்ஸ் மின்ட் இலவசம். பிரௌசர், டைப்பிங், சினிமா எல்லாம் நடக்கும். 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தது ஏதாவது பரணில் தூங்கினால் எழுப்பிப் பாருங்கள்.

எல்லாம் செய்தும் நகரவில்லையா? தாராளமாகப் புதுசு வாங்குங்கள். ஆனால் கடைக்குள் நுழைந்ததும், 'எத்தனை ஜி.பி. மெமரி? டிஸ்க் எஸ்எஸ்டி-தானே?' என்று கேளுங்கள். 'பூரா லேட்டஸ்ட் சார்' என்று மட்டும் பதில் வந்தால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். வேகமாக!