கிருமியா, அதன் நஞ்சா?

தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டியிடம் ‘வாந்திபேதி’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். கிணற்று நீரையும் ஆற்று நீரையும் நம்பியிருந்த லயங்களில் காலரா புகுந்தால், காலையில் பால்மரம் வெட்டப் போனவர் இரவுக்குள் இறந்துவிடலாம். உடலில் காயம் இருக்காது. உடம்பிலிருந்த தண்ணீர்தான் போய்விடும். அவ்வளவு தண்ணீரைக் குடலுக்குள் இறைப்பது எது?

1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராக் கிருமியைக் கண்டறிந்தார். அது ஏதோ நஞ்சை உண்டாக்குகிறது என்றும் சந்தேகித்தார். ஆனால் ஆய்வுக்கூட விலங்குகளுக்குக் கிருமியைக் கொடுத்துப் பார்த்தும் காலரா வரவில்லை.

அதே கல்கத்தாவில் சம்பு நாத் தே என்ற மருத்துவர் 1953இல் ஒரு வழி காட்டினார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்காமல், இரு முனையிலும் நூலால் கட்டி, நடுவில் கிருமியை ஊசியால் செலுத்தினார். மறுநாள் அந்தப் பகுதி நீர் நிறைந்த பலூன்போல் உப்பியிருந்தது. 1959இல் கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் உப்பியது! ஆகவே நீரை இறைப்பது கிருமி வெளியிட்ட நஞ்சுதான். நூலும் ஊசியும் வடிகட்டியும் கொண்டு இவ்வளவு பெரிய கேள்வியைத் தீர்த்தது எனக்கு இன்றும் வியப்பு.

அந்த நஞ்சு குடற்சுவர் உயிரணுக்களை உப்பை வெளியே தள்ள வைக்கிறது; உப்பின் பின்னால் நீரும் போகிறது. ஆனால் சர்க்கரையோடு சேர்த்து உப்பை உள்ளே இழுக்கும் வழி கெடுவதில்லை. சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ கிளினிக்கில் தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் உப்போடு குளுக்கோஸும் இருப்பது அதனால்தான்.

முயல் எலி இனம் அன்று. அதன் மேல்தாடையில் முன்பற்களுக்குப் பின்னால் இன்னொரு சிறு சோடிப் பல் உண்டு. அசல் கொறிணியான சுண்டெலிக்கு வேலை வந்தது 1972இல். ஈகோலை கிருமியின் சில வகைகள், கொதிக்க வைத்தாலும் கெடாத ஒரு நஞ்சை உண்டாக்குகின்றன. அதைக் கண்டுபிடிக்க, பிறந்து மூன்று நான்கு நாளான சுண்டெலிக் குட்டிகளைப் பயன்படுத்தினர். மெல்லிய தோல் வழியே, குடித்த பால் வெள்ளையாகத் தெரியும். அந்த இரைப்பைக்குள் வடிகட்டிய திரவத்தை நீலச் சாயம் கலந்து செலுத்துவார்கள். திரவம் சரியான இடத்துக்குப் போனதா என்பதைச் சாயம் காட்டும். சுமார் நான்கு மணி நேரம் கழித்துக் குட்டிகளைக் கொன்று, குடலைத் தனியாகவும் மீதி உடலைத் தனியாகவும் நிறுப்பார்கள். மீதி உடல் 12 கிராம் என்றால், குடல் 1 கிராமைத் தாண்டினால் நஞ்சு உண்டு என்று கணக்கு.

ஒவ்வொரு மாதிரிக்கும் சில குட்டிகள் உயிர்விட வேண்டியிருந்தது. இப்போது நஞ்சுக்கான மரபணு கிருமியில் இருக்கிறதா என்று பி.சி.ஆர். சோதனையிலேயே பார்த்துவிட முடிகிறது.