கூவத்தை விடுங்க, மாடித் தொட்டியைப் பாருங்க

சிந்தாதிரிப்பேட்டையில யாருக்காவது மலேரியா வந்தா, பழி முதல்ல கூவம் மேலதான் விழும். ஆனா அந்த மாதிரி சாக்கடைத் தண்ணியில பெருகுறது பெரும்பாலும் க்யூலெக்ஸ் கொசு. சென்னையில மலேரியாவைப் பரப்புற அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி முட்டை போடுறது நல்ல தண்ணியில: மூடாத மாடித் தொட்டி, கிணறு.

கொசு வெறும் வண்டிதான். நோயைத் தருவது பிளாஸ்மோடியம் என்ற ஒரு செல் உயிரி. இதற்கு உட்கரு இருக்கு, அதனால பாக்டீரியா இல்லை. பூஞ்சைக்கு இருக்கும் கைட்டின் செல்சுவர் கிடையாது, அதனால பூஞ்சையும் இல்லை. இது புரோட்டிஸ்ட். 1897 ஆகஸ்ட் 20-ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் இதைக் கொசுவின் வயிற்றில் கண்டுபிடித்தார்.

சென்னையில் அதிகம் வருவது வைவாக்ஸ் வகை. காய்ச்சல் விட்ட பிறகும் இது கல்லீரலில் தூங்கிக்கிட்டே இருக்கும். மாதங்கள் கழித்துக்கூட மறுபடி எழும். ரத்தத்தில் இருப்பதைக் குளோரோகுயின் கொல்லும். கல்லீரலில் தூங்குவதற்குத் தனி மருந்து, பிரைமாகுயின். வழக்கமா 14 நாள். டாக்டர் ரத்தப் பரிசோதனை பார்த்துதான் தருவார். மூணாவது நாளே உடம்பு தேறிடும், அங்கதான் நிறைய பேர் மாத்திரையை விட்டுடறாங்க. நீங்க விடாதீங்க.

அப்படியே உங்க ஹாஸ்டல் தொட்டிக்கு மூடி இருக்கான்னு இன்னைக்கே ஏறிப் பாருங்க.