போர்ட்லாந்து ஜனங்கள் திருத்திய சாசனம்

அமெரிக்காவிலே நகர சாசனமென்பது ஓர் ஊருக்கு அரசியல் சட்டம் போன்றது. ஓரிகன் ராஜ்யத்தில் அதைத் திருத்துவதானால் அந்த ஊர் ஜனங்களின் வோட்டைப் பெற்றே திருத்தவேண்டும். 2022ம் வருஷம் நவம்பர் 8ந் தேதி அந்த ராஜ்யத்தின் பெரிய நகரமாகிய போர்ட்லாந்தில் இத்தகைய கேள்வி ஒன்று ஜனங்களிடம் விடப்பட்டது. நூற்றுக்குச் சுமார் 58 பேர் சம்மதமளித்தனர். 1913 முதல் நடந்துவந்த நிர்வாக முறை அத்துடன் முடிவடைந்தது.

அந்தப் பழைய முறை பிறந்த கதை விசித்திரமானது. 1900 செப்டம்பரில் டெக்ஸாஸ் கரையிலுள்ள கால்வெஸ்டன் பட்டணத்தைப் பெரும் புயல் நாசமாக்கிற்று. ஆறாயிரத்துக்குக் குறையாத ஜனங்கள் மாண்டனர். இடிந்த ஊரை விரைவில் எழுப்புவதற்காக ஐந்து கமிஷனர்களிடம் சகல அதிகாரமும் ஒப்புவிக்கப்பட்டது. ஆபத்துக் காலத்து மருந்தை அன்றாட ஆகாரமாக்கிக்கொண்ட ஊர்கள் நூற்றுக்கணக்கானவை. மற்றப் பெரிய நகரங்களெல்லாம் அதைக் கைவிட்டும் போர்ட்லாந்து விடவில்லை. மாற்றவேண்டுமென்று பலமுறை முயற்சி நடந்தது. 2007இல் கூட ஜனங்கள் பெருவாரியாக மறுத்துவிட்டனர்.

மேயர் ஒருவர், கமிஷனர்கள் நால்வர், ஆக ஐவரே நகர சபை. சட்டமியற்றுவோரும் அவர்களே, இலாகாக்களை நடத்துவோரும் அவர்களே. எந்த இலாகா யாருக்கென்று பங்கிடுவது மேயர். ஜலம் ஒருவர் கையில், ரஸ்தாக்கள் மற்றொருவர் கையில். ஒருவர் இலாகாவில் நடக்கும் தவறை இன்னொருவர் கேட்கப் புகுந்தால், நாளை தம் இலாகாவுக்கு வோட்டுக் கேட்க அவரிடமே போகவேண்டும்! இந்த நிலையில் கணக்குக் கேட்கத் துணிபவர் யார்?

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. ஆறரை லட்சம் ஜனங்கள் வாழும் நகரில் இந்த ஐவரும் ஊர் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவ்வளவு பெரிய ஊரில் தேர்தலுக்கு நிற்கப் பணம் வேண்டும், செல்வாக்கு வேண்டும். 82வது வீதிக்குக் கிழக்கேயுள்ள பகுதிகளில் பெரும்பாலானவை 1980, 1990ஐ ஒட்டிய வருஷங்களில் நகரத்துடன் சேர்க்கப்பட்டவை. ஏழைகளும் அயல்நாட்டிலிருந்து குடியேறியவர்களும் மிகுதியாக வாழும் இடம். நடைபாதையில்லாத தெருக்கள் அங்கே அநேகம். வரி கொடுக்க அப்பகுதி வேண்டியிருந்தது. ஆனால் அங்கிருந்து சபைக்குச் சென்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சாசனத்தைப் பரிசீலிக்க நியமிக்கப்பட்ட இருபதுபேர் கொண்ட கமிஷனில் 15 பேர் இசைந்தால், நகர சபையின் அனுமதியின்றியே யோசனை நேராக ஜனங்களிடம் போகும். இது மிக நல்ல ஏற்பாடு. அதிகாரத்தை இழக்கப்போகிறவர்களிடமே அனுமதி கேட்பதென்றால் காரியம் நடக்குமா? 2022இல் 17 பேர் இசைந்தனர். நகரம் நான்கு தொகுதிகளாகும். தொகுதிக்கு மூவர் வீதம் 12 அங்கத்தினர். அபேட்சகர்களை வோட்டர் தம் விருப்பப்படி ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்துவார். தொகுதியில் நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர் ஒன்றுபட்டு நின்றால் ஓர் ஸ்தானம் அவர்களுக்கு நிச்சயம். இலாகாக்களை மேயரின் கீழ் ஒரு நிர்வாக அதிகாரி கவனிப்பார்.

தொகுதி, வோட்டு முறை, நிர்வாகம் ஆகிய மூன்றையும் ஒரே கேள்வியாகக் கட்டியது தவறென்று சிலர் ஆட்சேபித்தனர். வர்த்தகர் சங்கமொன்று கோர்ட்டுக்கே போயிற்று. கோர்ட்டு தடுக்க மறுத்தது. ஆட்சேபணையில் நியாயமில்லாமலில்லை. ஒன்றை விரும்பி மற்றொன்றை வெறுக்கும் வோட்டர் என்ன செய்வார்? ஆயினும் நிர்வாகத்தை மட்டும் மாற்றி, ஊர் முழுவதுமாகத் தேர்ந்தெடுக்கும் முறையை விட்டுவைத்திருந்தால், கிழக்குப் பகுதியார் முன்போலவே வாசலில் நின்றிருப்பார்கள். ஆகவே மூன்றையும் பிரிக்காமல் விட்டதே சரியென்பது நமது அபிப்பிராயம்.

2024 நவம்பரில் புதிய முறைப்படி முதல் தேர்தல் நடந்தது. கீத் வில்ஸன் மேயரானார். கிழக்குத் தொகுதிக்கு மூன்று பிரதிநிதிகள் கிடைத்தனர். அவர்களில் கேண்டஸ் அவலோஸ் என்பவர் சாசனக் கமிஷனிலேயே அங்கத்தினராயிருந்தவர். சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனாலும் வீட்டைக் கட்டிய கொத்தனாரே குடிபுகுந்ததைப்போல் இருக்கிறது!

கட்டடத்தில் ஒரு கோணலும் உண்டு. பன்னிரண்டு என்பது இரட்டைப்படை. 2025 ஜனவரியில் சபைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூடிய முதல் கூட்டத்திலேயே ஆறுக்கு ஆறு என்று நின்றுவிட்டது. ஒன்பதாவது முறை வோட்டெடுத்த பின்னரே முடிவேற்பட்டது. எண்ணை ஒற்றைப்படையாக்க வேண்டுமானால் மறுபடியும் ஜனங்களிடந்தான் போகவேண்டும்.

நமக்கு இதைவிடக் கவலை தருவது வேறு. யாருக்காக முக்கியமாய் இந்த மாறுதல் வேண்டப்பட்டதோ, அந்தக் கிழக்குத் தொகுதியிலேதான் 2024இல் மற்ற மூன்று தொகுதிகளையும்விடக் குறைந்த விகிதத்தில் ஜனங்கள் வோட்டளித்தனர். நெடுநாள் மூடிக்கிடந்த கதவைத் திறந்தவுடனேயே எல்லோரும் உள்ளே நுழைந்துவிடுவார்களென்று எதிர்பார்ப்பதற்கில்லை. அத்தொகுதியின் மூன்று ஸ்தானங்களும் மீண்டும் தேர்தலுக்கு வருவது 2028 நவம்பரில்.