அறைக்குள் ஒரு கத்திரி வெயில்

ஜவ்வாது மலையில் காவலூர் என்றதும் வைணு பாப்பு வானாய்வகம்தான் நினைவுக்கு வரும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. பகல் வெயிலின் சூடு அதன் குவிமாடத்துக்குள் தங்கிவிட்டால் காற்று நெளியும், விண்மீனின் பிம்பம் நடுங்கும். உள்காற்றும் வெளிக்காற்றும் ஒரே குளிர்ச்சிக்கு வந்தால்தான் படம் தெளியும். அடைத்த அறையின் சூடு வானியலாளருக்கு ஆகாது.

அந்தச் சூட்டை வேண்டி வரவழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கதவைச் சாத்தி, ஹீட்டரைப் போட்டு, அறையை 40 டிகிரி செல்சியசுக்கு மேல் ஏற்றி, அதற்குள் பாய் விரித்து ஆசனம் போடுகிறார்கள். ஹாட் யோகா என்று பெயர். வேலூர்க்காரரிடம் சொன்னால், “இதுக்குக் காசு வேற குடுக்கிறாங்களா?” என்று கேட்பார். சித்திரையில் அவர் வீட்டு மின்விசிறி நின்றாலே போதும், அதே அறை தயார்.

இதைப் பரப்பியவர் கொல்கத்தாவில் பிறந்த பிக்ரம் சௌத்ரி. அவருடைய ஆசான் பிஷ்ணு கோஷ், பரமஹம்ச யோகானந்தரின் தம்பி. சௌத்ரி வகுத்த முறையில் 26 ஆசனங்கள், 2 மூச்சுப் பயிற்சிகள், 90 நிமிடங்கள். அறை வெப்பம் சுமார் 40.6 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம். 1970களில் அமெரிக்காவில் கடை விரித்தார், கூட்டம் குவிந்தது. அந்த ஆசன வரிசைக்குப் பதிப்புரிமை கேட்டு நீதிமன்றம் போனபோது, உடற்பயிற்சி முறைக்கு அது பொருந்தாது என்று 2015இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்மீது பாலியல் குற்றச்சாட்டு வழக்குகள் வந்தபின் பல கூடங்கள் பலகையிலிருந்து பிக்ரம் பெயரை எடுத்துவிட்டன. ஹீட்டரை மட்டும் எடுக்கவில்லை.

பழைய நூல்களில் இதற்கு இடமுண்டா? ஹட யோகப் பிரதீபிகை, பிராணாயாமத்தில் அரும்பும் வியர்வையை உடம்பிலேயே தேய்த்துக்கொள்ளச் சொல்கிறது. அதே நூல், பயிற்சி தொடங்கும் காலத்தில் நெருப்பருகே இருப்பதைத் தவிர்க்கவும் சொல்கிறது. அது பேசும் வியர்வை உள்ளிருந்து வருவது, கணப்பு மூட்டி வரவழைப்பதல்ல.

சூட்டறையில் உடம்புக்கு என்ன நடக்கிறது? நம் தோலின் வெப்பம் ஏறக்குறைய 34, 35 டிகிரி. அறை அதைவிடக் குளிர்ந்திருந்தால் உடம்பின் சூடு தானாகவே காற்றுக்குப் போகும். அறை 40ஐத் தாண்டினால் வழி தலைகீழாகிறது, காற்றின் சூடு உடம்புக்குள் வருகிறது. அப்போது மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். ஆவியானால்தான் இந்தக் கணக்கு. பாயில் சொட்டி வழிகிற வியர்வை ஒரு டிகிரியைக்கூடக் குறைப்பதில்லை, தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். நெருக்கியடித்த கூடத்தில் எல்லோருடைய வியர்வையும் சேர்ந்து ஈரப்பதம் ஏற ஏற, ஆவியாவது இன்னும் குறையும்.

இதற்கிடையே இதயம் தோலுக்கும் தசைக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் அனுப்பியாக வேண்டும். அதனால்தான் அசையாமல் நிற்கும் ஆசனத்தில்கூட நெஞ்சு படபடக்கிறது. இரண்டு வாரம் விடாமல் பழகினால் உடம்பு சமாளிக்கக் கற்றுக்கொள்ளும்: ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும், வியர்வை சீக்கிரம் அரும்பும், அதில் உப்பு குறையும். வெயிலில் களை வெட்டுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் கட்டணமில்லாமல் வந்துவிடுகிறது.

சூடேறிய தசையும் தசைநாரும் இளகும், குனிந்தால் விரல் தரையைத் தொடும். அந்த மகிழ்ச்சியில்தான் ஆபத்தும் இருக்கிறது. இளக்கத்தில் வலியின் எச்சரிக்கை மங்க, மூட்டைக் கட்டிவைத்திருக்கும் இணைப்பு நார்கள் அளவுக்கு மேல் இழுபடலாம். வகுப்பு முடிந்ததும் எடைக்கருவியில் ஒரு கிலோ குறைந்து தெரிவது பெரும்பாலும் தண்ணீர், இரண்டு செம்பு குடித்தால் திரும்பிவிடும்.

பலன் என்று சொல்லப்படுவதில் ஆசனத்தின் பங்கு எவ்வளவு, சூட்டின் பங்கு எவ்வளவு? டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பிரித்துப் பார்த்தது. அதிகம் உடலுழைப்பில்லாத நடுவயதினரில் ஒரு குழு 40.5 டிகிரியிலும், இன்னொன்று 23 டிகிரியிலும், அதே 26 ஆசனங்களை 12 வாரம் செய்தது. ரத்தக்குழாய்கள் விரிந்து கொடுக்கும் திறனில் சூடு தனியாக எதையும் கூட்டவில்லை. சூட்டறைக் குழுவினரின் உடல் கொழுப்பு விகிதம் மட்டும் குறைந்திருந்தது. மனச்சோர்வைப் பற்றி மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனை 2023இல் வெளியிட்ட ஆய்வு நம்பிக்கை தருகிறது: எட்டு வாரச் சூட்டு யோகாவுக்குப் பின், செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அறிகுறிகள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கின. ஆனால் ஒப்பிடப்பட்டவர்கள் முறை வருமென்று காத்திருந்தவர்கள், சாதாரண அறையில் யோகா செய்தவர்கள் அல்லர். உதவியது சூடா, ஆசனமா, வாரம் தவறாமல் நாலு பேரோடு கூடியதா என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது.

கர்ப்பிணிகள், இதயநோயாளிகள், ரத்த அழுத்தத்துக்கோ நீர் பிரியவோ மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த அறைக்குள் போகக் கூடாது. தலை சுற்றினாலோ குமட்டினாலோ வெளியேறுவதில் வெட்கமில்லை. வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தாலும் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும், உப்புப் போட்ட மோரோ கஞ்சியோ மேல்.

ஜவ்வாது மலையிலேயே இருக்கும் ஜமுனாமரத்தூரில் மார்கழி விடியலில் பாய் விரித்தால் முதல் பத்து நிமிடம் முதுகு வளைய மறுக்கும். எனக்கு மறுத்திருக்கிறது. ஹீட்டர் தேவைப்படவில்லை. வேலை செய்யும் தசை, செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெப்பமாகத்தான் வெளியே தள்ளுகிறது. அவசரப்படாமல் எட்டு, பத்துச் சுற்று சூரிய நமஸ்காரம் போட்டதும் போர்த்தியிருந்த சால்வை தானாகவே ஓரமாகப் போனது. பனி விலகியிருக்கவில்லை, நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது.