விழுவது சுலபம், ஏறுவதுதான் கஷ்டம்

உச்சிக்குப் போய்விட்டது வண்டி. கால்கள் காற்றில் தொங்குகின்றன, கீழே மனிதர்கள் புள்ளி புள்ளியாகத் தெரிகிறார்கள். இதோ விடப்போகிறான், இதோ விடப்போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தால், விடவே இல்லை! ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். அப்படியே நிற்கிறது.

இருக்கையோடு உச்சிக்குத் தூக்கிப்போய் அப்படியே கீழே விடுகிற டிராப் டவரை அண்ணாந்து பார்த்த யாருக்கும் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. மேலே மாட்டிக்கொண்டால் என்ன செய்வார்கள்? பதில் தேடி அந்தக் கோபுரத்தின் பின்பக்கம் எட்டிப்பார்த்தால், விழுவதைவிடப் பெரிய குதூகலம் அங்கே ஒளிந்திருக்கிறது. வாருங்கள்!

ஆஸ்திரேலியாவில் கோல்ட் கோஸ்ட் பக்கம் ட்ரீம்வேர்ல்ட் என்றொரு பூங்கா. அங்கே 1998இல் திறந்த ‘தி ஜெயண்ட் டிராப்’ 119 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. ஏறத்தாழ 40 மாடி! மணிக்கு 135 கிலோமீட்டர் வேகம்வரை போகும். கணக்குப் போட்டுப் பார்த்தால், பிடியை விட்ட நொடியிலிருந்து அந்த வேகத்தைத் தொட 4 விநாடிகூட ஆகாது.

சரி, அந்த வேகத்தை அடக்குவது யார்? காந்தம்! இந்த வகைக் கோபுரங்களில் வண்டியிலும் கோபுரத்தின் கீழ்ப்பகுதியிலும் எதிரெதிராகக் காந்தமும் செம்புக் கலவைத் தகடும் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடவே தொடாது. காந்தம் தகட்டைக் கடந்து பாயும்போது தகட்டுக்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, வருகிற வண்டியையே எதிர்த்து நிற்கிறது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஏசி மெக்கானிக் வெட்டிப்போட்ட செம்புக் குழாய்த் துண்டு ஒன்றை நிமிர்த்திப் பிடித்து, அதில் நுழையும் அளவுள்ள வலுவான நியோடிமியம் காந்தத்தை உள்ளே போடுங்கள். செம்பைக் காந்தம் இழுக்காது. ஆனாலும் ‘தடால்’ என்று விழவேண்டியது, அவசரமே இல்லாமல், மெல்ல மெல்ல இறங்கி வரும். பார்க்கப் பார்க்கச் சலிக்காது!

இதில் கரண்டுக்கு வேலையே இல்லை என்பதுதான் என்னைத் துள்ளவைக்கிறது. ஊரே இருட்டானாலும் காந்தம் காந்தம்தான். வேகம் எவ்வளவு கூடுகிறதோ, பிடிப்பும் அதற்கேற்பக் கூடும். வேகம் குறையக் குறையப் பிடிப்பும் தளரும். அதனால் இந்தப் பிரேக்கால் வண்டியை அந்தரத்தில் முழுசாக நிறுத்தவே முடியாது. வழுக்கிக்கொண்டு கீழே போய் அடியிலுள்ள தாங்கியில் அமர்ந்தே தீரும். நாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தச் சில விநாடிகளுக்கு மோட்டாரும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். எல்லாம் வேண்டியிருப்பது ஏறும்போதுதான். கோளாறு என்று ஒன்று வந்தால் அநேகமாக அங்கேதான் வரும்.

ஏற்றுகிற வேலை தூக்குவண்டியுடையது. இரும்பு வடத்தில் தொங்கும் இது, இருக்கை வண்டியைக் கவ்விக்கொண்டு மேலே போய், உச்சியில் பிடியை விட்டுவிடும். வடத்தைச் சுற்றுகிற வின்ச்சின் பிரேக்கைப் பாருங்கள், நம் பைக் பிரேக்குக்கு நேர் எதிர். பைக்கில் அழுத்தினால்தான் பிடிக்கும். இங்கே கனமான ஸ்பிரிங்குகள் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கின்றன, அவற்றை விலக்கிவைக்கத்தான் மின்சாரம் தேவை. மின்சாரம் போன மறுகணமே ஸ்பிரிங் கவ்விவிடும்.

மின்சாரமே போகவேண்டும் என்பதுகூட இல்லை. பூட்டு, வடம், காற்று என்று எதையாவது கவனித்துக்கொண்டிருக்கும் ஒரு சென்சார் சந்தேகப்பட்டாலும் போதும், கட்டுப்பாட்டுக் கணினி எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அதாவது, மேலே ‘மாட்டிக்கொண்டவர்’ உட்கார்ந்திருப்பது, இயந்திரம் எச்சரிக்கையாக எடுத்த முடிவின் மேல்!

பெரும்பாலும் டெக்னீஷியன் வந்து பழுதைக் கண்டுபிடித்து, கணினியை ரீசெட் செய்து, மெதுவாக இறக்கிவிடுவார். அது முடியாவிட்டால் ஜெனரேட்டர், மாற்று மோட்டார். அதுவும் இல்லையென்றால், வின்ச் பிரேக்கைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, வண்டியின் சொந்த எடையிலேயே இறக்குவார்கள். இத்தனைக்கும் நேரம் பிடிக்கும். கீழே நிற்கும் உறவினர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் யுகம்தான். ஆனால் பூட்டிய இருக்கையில் ஒருவர் காத்திருப்பதைவிட, அவரை அங்கிருந்து எழுப்பி வெளியே எடுப்பதில்தான் ஆபத்து அதிகம். ஆகவேதான் கயிறும் ஏணியும் கடைசி வழியாக வைக்கப்பட்டிருக்கின்றன.

அந்தக் கடைசி வழியும் நடந்திருக்கிறது. 2016 டிசம்பர் 30, கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெரி ஃபார்ம். கோபுரத்தில் ஏறி ஊரைச் சுற்றிக்காட்டும் ‘ஸ்கை கேபின்’ 100 அடிக்கு மேலே நின்றுவிட்டது, உள்ளே 21 பேர். மணிக்கணக்கில் முயன்றும் இறங்கவில்லை. தீயணைப்பு வீரர்கள் மேலே போய், இடுப்புவார் மாட்டி, ஒவ்வொருவராகக் கயிற்றில் இறக்கினார்கள். குழந்தைகள் உட்பட அத்தனை பேரும் பத்திரம்! நம் சென்னையில்கூட, 2025 மே மாதக் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் அந்தரத்தில் நின்றுபோன ராட்டினத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தீயணைப்புத் துறையின் ராட்சத ஸ்கைலிஃப்ட் வண்டி பத்திரமாக இறக்கிவைத்தது.

காந்தத்தால் செய்ய முடியாத ஒன்றும் உண்டு. நம்மை இருக்கையில் பிடித்துவைப்பது. 2022 மார்ச்சில் ஆர்லாண்டோவில் 430 அடி ‘ஃப்ரீஃபால்’ கோபுரத்திலிருந்து 14 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். பிரேக் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அந்த இருக்கையின் சென்சாரைக் கையால் மாற்றியமைத்திருந்ததால், தோள்தடுப்பு போதுமான அளவு இறங்காமலேயே ‘பூட்டியாச்சு’ என்று காட்டியிருக்கிறது. மறு ஆண்டே அந்தக் கோபுரத்தைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். சென்சார் வண்டியை நிறுத்தினால் நிறுத்தட்டும் என்று நான் கத்திச் சொல்வது இதனால்தான். அதன் வாயை யாரும் அடைக்கக்கூடாது.

பூட்டு பற்றி இன்னொரு சுவாரசியம். கரண்ட் போனால் தோள்தடுப்பு திறந்துகொள்ளாது, பூட்டியபடியே நிற்கும். வண்டி தரைக்கு வந்த பிறகு ஊழியர்கள் ஒவ்வொரு இருக்கையாகப் போய்க் கையாலேயே விடுவிப்பார்கள்.

எல்லோரும் இறங்கியாயிற்று, பழுதும் சரியாயிற்று. உடனே ஆளேற்றிவிடுவார்களா? மாட்டார்கள்! வெறும் வண்டி மேலே போகும், விழும். மறுபடி போகும், விழும். பெரிய பழுதென்றால், மனித எடைக்கு ஈடாகத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்துத் தூக்கிப் போடுவார்கள். வாயைத் திறக்காமல், கண்ணைச் சிமிட்டாமல், 40 மாடி உயரத்திலிருந்து விழும் தண்ணீர்ப் பொம்மைகள்! அவை பத்திரமாக வந்து சேர்ந்த பிறகுதான் வரிசையில் நிற்பவர்களுக்குக் கதவு திறக்கும்.