மணி எங்கள் வீட்டில் இருந்த 12 வாரம்

பேச்சுதான் எனக்குச் சோறு போடுகிறது. காலை ஆறு மணிக்கு ஒலிபரப்புக் கூடத்தில் உட்கார்ந்தால் பத்து மணி வரை வாய் ஓயாது. அப்படிப்பட்டவள் வீட்டுக்கு, மனிதக் குரல் கேட்டாலே நின்ற இடத்தில் சிறுநீர் கழித்துவிடும் ஒரு நாய் வந்து சேர்ந்தது. 2024 ஆகஸ்ட் 10, சனிக்கிழமை.

கம்பத்து நாய்தான். கறுப்பும் பழுப்புமாக, இரண்டு வயதுப் பெட்டை. தெருநாய்களைக் காப்பாற்றும் என் தோழி, “தீபாவளி வரைக்கும் வச்சுக்க. ஈப்போவுல ஒரு குடும்பம் கேட்டிருக்காங்க. ஆனா இப்ப இருக்கிற நிலமையில அனுப்ப முடியாது” என்றாள். அதற்கு முன் இரண்டு வீட்டார் எடுத்துப்போய், இருவருமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது வீட்டிலிருந்தும் திரும்பினால் மிச்ச வாழ்க்கை காப்பகக் கூண்டில்தான். நான் ‘லூனா’ என்று பெயர் வைத்தேன். அம்மா முதல் நாளே ‘மணி’ என்று கூப்பிட்டார். கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு எந்த நாய் வந்தாலும் அது மணிதான்.

மூன்று நாள் சலவை இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தது. நாங்கள் தூங்கிய பிறகுதான் சாப்பாடு. புது வீட்டில் நாய் மிரட்சி தெளிய மூன்று நாள், பழக்கம் பிடிபட மூன்று வாரம், தன் வீடு என்று நம்ப மூன்று மாதம் என்று காப்பகத்துக்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். எனக்குத்தான் பொறுமை இல்லை. எதிரில் குனிந்து, கையை நீட்டி, “வாடா செல்லம், வாடா தங்கம்” என்று வானொலிக் குரலில் கொஞ்சினேன். அது கொட்டாவி விட்டது. தூக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பசி இல்லாதபோதும் நாக்கால் மூக்கை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, காரணமில்லாத கொட்டாவி எல்லாமே “தள்ளிப் போ” என்று நாய் சொல்லும் விதங்கள். நார்வே நாட்டுப் பயிற்சியாளர் தூரிட் ருகாஸ் இவற்றைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அதைப் படித்த அன்றுதான் வாயை மூடினேன்.

பிறகு செய்ததெல்லாம் இவ்வளவுதான். பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்வேன். மணியைப் பார்க்க மாட்டேன். அவித்த கோழித் துண்டை எனக்குப் பக்கத்தில் அல்ல, மணிக்குப் பின்னால் வீசுவேன். இதில்தான் சூட்சுமம். தீனியை நம் கையில் வைத்துக் கூப்பிட்டால், ஆசை ஒரு பக்கமும் பயம் ஒரு பக்கமும் இழுக்கும். பின்னால் விழுந்தால் விலகிப் போய்ச் சாப்பிடலாம். பிறகு வருவதும் வராததும் அதன் இஷ்டம். ஒன்பதாம் நாள் என் முழங்கையை முகர்ந்தது.

துடைப்பம்தான் அடுத்த பிரச்சினை. அம்மா அதை எடுத்தால் போதும், மணி தரையோடு தரையாகப் படுத்து நடுங்கும். யாரோ அடித்திருக்கிறார்கள். “நாய்க்கு இவ்ளோ உபசாரமா பாப்பா?” என்று கேட்டுக்கொண்டிருந்த அம்மாவே, துடைப்பத்தைத் தரையில் கிடத்தி அதைச் சுற்றிக் கோழித் துண்டுகளைப் போடத் தொடங்கினார். தினமும், நான் வேலையில் இருக்கும் நேரத்தில். எனக்குச் சொல்லவே இல்லை.

நான்காவது வாரம் எனக்குத் துணிச்சல் அதிகமாகிவிட்டது. மாலையில் நடக்கக் கூட்டிப்போனேன். குப்பை லோரி ஒரு தொட்டியைத் தொப்பென்று போட்டது. மணி பின்னால் இழுத்து, கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. பயந்த நாய்க்கு வெறும் கழுத்துப் பட்டை போதாது. நெஞ்சைச் சுற்றிய வாரும் சேர்த்து, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு வேண்டும். தெரிந்தும் சோம்பேறித்தனம். நான் கத்திக்கொண்டே ஓட ஓட, அது இன்னும் வேகமாக ஓடியது.

இரவு பத்து மணிக்குப் பக்கத்து வரிசை வீட்டு மக்சிக் கைவிளக்கோடு வந்து, பெரிய லோங்காங்கைக் காட்டினார். நாயைத் தொடாதவர்தான், ஆனால் அது வெளியே ஓடாதபடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டார். இறங்கிப் பிடித்துவிடத்தான் மனம் துடித்தது. நான் லோங்காங் ஓரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து கோழியைப் பிய்த்துப் பின்னால் போட்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பது நிமிடம். ஈர மூக்கு என் இடுப்பில் பட்டது.

அப்புறம் தீபாவளி. கிள்ளானில் அந்த இரவு எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் தொழில் உதவியது. நிகழ்ச்சிக்கு வைத்திருந்த பட்டாசுச் சத்தத்தைக் கைப்பேசியில் போட்டு, நமக்கே கேட்குமா என்ற அளவில் ஓடவிட்டேன்; சத்தம் வந்த உடனே கோழி. ஒவ்வொரு நாளும் ஒரு புள்ளி ஏற்றம். மணி தின்பதை நிறுத்தினால் இரண்டு புள்ளி இறக்கம். ஆறு வாரம் இதுதான். ஆனால் ஒலிபெருக்கியால் தரை அதிராது, மருந்து வாடை வராது. அதனால் கால்நடை மருத்துவர் அந்த இரவுக்கென்று ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

அக்டோபர் 31. வெளிச்சம் இருக்கும்போதே நடை முடிந்தது. உள்ளறை ஜன்னலில் போர்வை, மின்விசிறி முழு வேகத்தில், வானொலி சத்தமாக. மணி நடுங்கத்தான் செய்தது. அதிசயம் எதுவும் நடக்கவில்லை. பயந்த நாயைத் தடவினால் பயம் கூடும் என்பார்கள். அது பழைய நம்பிக்கை. பயம் என்ன, கொஞ்சினால் வளரும் கெட்ட பழக்கமா? என் மடியில் தலை வைத்துக்கொள்ள விட்டேன். பதினொன்றரைக்கு, வெளியே வெடித்துக்கொண்டிருக்கும்போதே, என் கையிலிருந்து ஒரு துண்டு வாங்கித் தின்றது.

நவம்பர் 2 அன்று ஈப்போ குடும்பம் வந்தது. துடைப்பம், இரட்டைக் கயிறு, பின்னால் வீசுவது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

மூன்று மாதம் கழித்து அந்த வீட்டுப் பையன் அழைத்தான். மணி சோபாவில் தூங்குகிறதாம், துடைப்பத்தைத் தாண்டிப் போகிறதாம். “ஒன்னுதான்கா. காலையில ரேடியோவுல உங்க குரல் வந்தா வாசல்ல போய் உட்கார்ந்துக்குது. நிகழ்ச்சி முடியற வரைக்கும் சாப்பிட மாட்டேங்குது. அதனால வேற ஸ்டேஷன் மாத்திட்டோம், கோவிச்சுக்காதீங்க.”